டேங்க் நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை: உள்ளே இருந்த சின்னக் கறுப்பு சுவிட்ச் பற்றிச் சொல்லுங்களேன்

#1 மொட்டைமாடிவாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடி டேங்கில் கேபிளில் தொங்குகிற மிதவை சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மிதவை தலைகீழாகும், மோட்டார் நின்றுவிடும். நான்கு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் மிதவையின் ஒட்டில் விரிசல் விட்டு உள்ளே ஈரம் இறங்கிவிட்டது. புதிது வாங்கியிருக்கலாம். பிரித்துப் பார்த்தேன், என் புத்தி.

உள்ளே கோலிக்குண்டு சைஸில் ஓர் எஃகு உருண்டை. அது உருண்டு வந்து அழுத்துகிற இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. அவ்வளவுதான். சர்க்யூட், போர்டு எதுவும் கிடையாது.

அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கினேன். மேலே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. என் மோட்டார் 1 எச்பி, ஓடும்போது ஆறு, ஆறரை ஆம்பியர்தான் எடுக்கும். தாராளம் என்று மாட்டி, எபாக்ஸி வைத்து ஒட்டினேன். ஐந்தாவது வாரம், காலை ஐந்தரை மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை கேட்டைத் தட்டுகிறார்: "தம்பி, உங்க டேங்க் எங்க சன்ஷேடுல கொட்டுது." மேலே போய்ப் பார்த்தால் மிதவை ஒழுங்காகத் தலைகீழாக நிற்கிறது. சுவிட்ச் மட்டும் விடவில்லை.

மறுபடி பிரித்து, இந்த முறை சுவிட்சின் மூடியையும் பிளேடால் நெம்பினேன். செம்பு நிறத்தில் ஒரு மெல்லிய தகடு, அதன் நுனியில் கடுகளவு வெள்ளிப் பொட்டு. அந்தப் பொட்டும் கீழே இருந்த பொட்டும் ஒட்டிக் கிடந்தன. ஊசியால் நெம்பியதும் டிக்கென்று விலகின. ஒன்றில் சின்னப் பள்ளம், இன்னொன்றில் அதற்குச் சரியாகப் பொருந்துகிற மேடு. இரண்டும் கருத்திருந்தன.

16 போட்ட சுவிட்ச் 6 ஆம்பியருக்கு எப்படி ஒட்டும்? டூப்ளிகேட்டா?

#2 வயர்மேன்57

தம்பி, டூப்ளிகேட் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சுவிட்சின் பக்கவாட்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதை அப்படியே, ஒன்று விடாமல் எழுதுங்கள்.

#3 மொட்டைமாடிவாசி

லென்ஸ் வைத்துப் படித்தேன் அண்ணா. 16(4)ஏ, 250வி, ஓர் அலைக்கோடு, டி125, 5இ4. பக்கத்தில் மியூ என்கிற கிரேக்க எழுத்து மாதிரி ஒன்று.

#4 வயர்மேன்57

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற 4தான் உங்களை ஐந்தரை மணிக்கு எழுப்பியது.

16 என்பது இஸ்திரிப் பெட்டி, கீசர் மாதிரி வெறும் சூடாக்குகிற சாமானுக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பது மோட்டாருக்கு. உங்களுடையது 4 ஆம்பியர் மோட்டார்வரைதான் தாங்கும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஆறரை என்றாலும், நின்ற நிலையிலிருந்து கிளம்புகிற அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். முப்பது, முப்பத்தைந்து ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் ஒரு விஷயத்தைத் தவறாக நினைக்கிறார்கள். காண்டாக்ட், அதாவது அந்த வெள்ளிப் பொட்டுகள், ஒட்டுவது பெரும்பாலும் ஆஃப் ஆகும்போது இல்லை, ஆன் ஆகும்போது. இரண்டு பொட்டுகளும் வந்து மோதியதும் அப்படியே உட்காராது. தரையில் விழுந்த பந்து மாதிரி சில மில்லி செகண்டுக்குள் நாலைந்து தடவை எகிறும். எகிறுகிற ஒவ்வொரு தடவையும் குட்டித் தீப்பொறி, அதுவும் முப்பது ஆம்பியரில். வெள்ளி உருகும். உருகின நிலையில் இரண்டும் சேர்ந்து அழுந்தினால் வெல்டிங்தான். ஆஃப் ஆகும்போது வருகிற பொறி வேறு வேலை செய்யும்: ஒரு பக்கத்து உலோகத்தை அள்ளி அடுத்த பக்கத்தில் வைக்கும். நீங்கள் பார்த்த பள்ளமும் மேடும் அதுதான்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். டி125 என்றால் சுற்றுப்புறம் 125 டிகிரி வரை தாங்கும். 5இ4 என்றால் 5க்குப் பின்னால் நான்கு பூஜ்யம், 50,000 தடவை. மியூ போட்டிருந்தால் உள்ளே காண்டாக்ட் இடைவெளி ரொம்பக் குறைவு என்று அர்த்தம். இதை ஆஃப் செய்துவிட்டு லைன் செத்துவிட்டது என்று நம்பி மோட்டாரில் கை வைக்கக் கூடாது. மெயினைத் தனியாக இறக்க வேண்டும்.

#5 மில்ஃபிட்டர்

நான் கோவையில் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கறுப்புப் பெட்டிகளை எத்தனை மாற்றியிருப்பேன் என்று கணக்கு இல்லை. நாங்கள் மைக்ரோ சுவிட்ச் என்போம்.

வீட்டில் டிக்டாக் கிளிப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பெண்பிள்ளைகள் தலையில் குத்துவது. அதை ரொம்ப மெதுவாக வளையுங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். சட்டென்று டிக். அந்த டிக்கை உங்களால் மெதுவாகச் செய்ய முடியாது, எவ்வளவு முயன்றாலும். பாதியில் நிறுத்தவும் முடியாது. மைக்ரோ சுவிட்ச் மொத்தமும் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான்.

உள்ளே இருக்கிற செம்பு நிறத் தகடு சாதாரணச் செம்பு இல்லை, பெரும்பாலும் பெரிலியம் செம்பு. லட்சம் தடவை வளைந்தாலும் விறைப்புக் குறையாது. அந்தத் தகட்டைக் கீற்றுகளாக வெட்டி, ஒரு கீற்றை மட்டும் வில் மாதிரி வளைத்து இறுக்கி உட்கார வைத்திருப்பார்கள். பொத்தானை அழுத்த அழுத்த அந்த வில்லின் இழுப்பு நடுக்கோட்டை நோக்கி நகரும். கோட்டைத் தாண்டிய மறுகணம் தகட்டின் நுனி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். விரலை விட்டால் அதே பாதையில் திரும்பாது. கொஞ்சம் தள்ளிப் போன பிறகுதான் திரும்பப் பாயும். இந்த வித்தியாசம் இல்லை என்றால், எல்லைக்கோட்டில் நிற்கும்போது ஆன் ஆஃப் ஆன் ஆஃப் என்று நடுங்கிக்கொண்டே இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? டேங்கில் தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது பாருங்கள். அந்த வேகத்தில் இரண்டு காண்டாக்ட் பிரிந்தால், மயிரிழை இடைவெளியிலேயே ரொம்ப நேரம் நின்று, பொறி நிற்காமல் எரிந்து, சுவிட்ச் கருகிப்போகும். தண்ணீர் எப்படி ஏறினாலும், மெஷினில் கேம் (மேடு வைத்த சக்கரம்) எப்படிச் சுற்றினாலும், கை எப்படி அழுத்தினாலும் காண்டாக்ட் மட்டும் எப்போதும் ஒரே வேகத்தில் பாய வேண்டும். உங்கள் மிதவையில் அந்த எஃகு உருண்டையும் அதற்காகத்தான். மிதவை மெதுவாகச் சாய்ந்தாலும் உருண்டை சட்டென்று உருண்டுவிடும்.

இன்னொன்று, மைக்ரோ என்பது பெட்டியின் சைஸைச் சொல்வதில்லை. உள்ளே காண்டாக்ட் நகர்வது அரை மில்லிமீட்டர் அளவுதான். அந்த நுணுக்கம்தான் மைக்ரோ.

#6 தெல்லிப்பளையான்

மில்ஃபிட்டர் ஐயா, நல்ல விளக்கம். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில சுவிட்சுக்கு ஆளி எண்டுதான் படிச்சனாங்கள். தமிழ்நாட்டில சொடுக்கி எண்டும் எழுதுகினம் போல. இவ்வளவு நாளும் ஆளிதான் நல்ல சொல் எண்டு இருந்தன். இதை வாசிச்ச பிறகு, இந்தச் சாமானுக்கு மட்டும் சொடுக்கிதான் சரி போல கிடக்கு. விரலைச் சொடுக்கிறதும் இதே வேலைதானே: அழுத்திப் பிடிச்சு, வழுக்கினவுடன படார்.

#7 மில்ஃபிட்டர்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. மில்லில் யாரும் சொடுக்கி என்று சொல்லிக் கேட்டதில்லை, ஆனால் சொல்லியிருக்கலாம்.

#8 பழையகதை

இதற்கு ஊர் பேர் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஃப்ரீபோர்ட் என்று ஓர் ஊர். அங்கே பர்ஜெஸ் பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்த மெக்கால் என்பவர் 1932இல் செய்த வடிவம்தான் இது. பிறகு மைக்ரோ சுவிட்ச் என்ற பெயரிலேயே அதே ஊரில் தனிக் கம்பெனி வந்தது. 1950இல் அதை ஹனிவெல் வாங்கியது. அதாவது மைக்ரோ சுவிட்ச் என்பது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். நாம் ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

#9 டபுள்கிளிக்

கொஞ்சம் இழையை விட்டு வெளியே போகிறேன், மன்னிக்கவும். என் கம்ப்யூட்டர் மவுஸ் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆகிறது. ஃபைலை இழுத்தால் பாதி வழியில் போட்டுவிடுகிறது. திறந்தால் இதே குடும்பத்துக் குட்டி சுவிட்ச். இதில் முப்பது ஆம்பியரும் இல்லை, மோட்டாரும் இல்லை. இதுக்கு என்ன வியாதி?

#10 ரிச்சித்தெரு

வெளியே போகவில்லை, அதே விஷயத்தின் மறுபக்கம். மேலே அந்தத் தம்பியின் சுவிட்ச் செத்தது கரன்ட் கூடிப்போய். உங்கள் மவுஸ் சாவது கரன்ட் குறைந்துபோய்.

வெள்ளிப் பொட்டின் மேல் காற்றுப் பட்டுப் பட்டு மெல்லிய படலம் ஏறும். வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுக்கிறதே, அதேதான். அரை ஆம்பியர், ஓர் ஆம்பியர் ஓடுகிற இடத்தில் அந்தச் சின்னப் பொறியே படலத்தைச் சுட்டுச் சுத்தமாக்கிவிடும். மவுஸில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர், அதற்கும் கீழே. அது எதைச் சுடும்? படலம் சேரச் சேரத் தொடுதல் விட்டுவிட்டு வரும். கூடவே தகட்டின் விறைப்பும் தளர்ந்தால் எகிறுவது நீளும். மவுஸுக்குள் இருக்கும் சிப் சில மில்லி செகண்ட் எகிறலைக் கண்டும் காணாமல் விட்டுவிடும்படிதான் எழுதியிருப்பார்கள். அந்தக் கெடுவுக்கு மேல் போனால் இரண்டாவது கிளிக் என்று எண்ணிக்கொள்ளும்.

சுத்தம் செய்கிற ஸ்பிரே அடித்தால் சில வாரம் ஓடும். நான் அடித்துப் பார்த்துவிட்டு மாற்றுவதற்குத்தான் போவேன். மூன்று கால், சால்டர் பண்ணத் தெரிந்தால் பத்து நிமிட வேலை. மவுஸ் மாதிரி கரன்ட் குறைவான சிக்னல் வேலைக்கு எடுக்கும்போது தங்க முலாம் காண்டாக்டா என்று பாருங்கள். அதே காரணத்தால், 16 ஆம்பியர் சுவிட்ச் கையில் இருக்கிறதே என்று அதை ஆர்டுயினோ மாதிரி சின்ன எலக்ட்ரானிக் போர்டுக்குப் போடாதீர்கள். பெரியது சின்ன வேலையை நன்றாகச் செய்யும் என்பது இங்கே செல்லாது.

#11 சமையலறைமூலை

எங்கள் மைக்ரோவேவ் ஓவன் கதவைத் திறக்கும்போது படீரென்று ஃப்யூஸ் போனது. பார்க்க வந்தவர் ஃப்யூஸ் மட்டும் மாற்றிவிட்டுப் போனார். இரண்டாம் நாள் மறுபடி போச்சு. அதிலும் இந்தக் கறுப்புப் பெட்டி இருக்கிறதா?

#12 ரிச்சித்தெரு

இருக்கிறது அக்கா, ஒன்றில்லை, வழக்கமாக மூன்று. உங்கள் வீட்டு ஃப்யூஸ் கெட்டுப்போய் எரியவில்லை, எரிய வேண்டும் என்றே எரிந்தது.

கதவுக் கொக்கி உள்ளே போகும்போது மூன்றையும் ஒரு வரிசையில் அழுத்தும். முதல் இரண்டும் கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டுவதற்கு. மூன்றாவது காவல்காரன். கதவு திறந்த பிறகும் முதல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு விடாமல் இருந்தால், அந்த மூன்றாவது வேண்டுமென்றே லைனை ஷார்ட் பண்ணி ஃப்யூஸை எரித்துவிடும். கதவைத் திறந்துகொண்டு ஓவன் ஓடவே கூடாது என்பதற்காக அப்படி. ஆகவே திறக்கும்போது ஃப்யூஸ் போனால் சுவிட்சுகளையும் பார்க்காமல் ஃப்யூஸ் மட்டும் போடுவது வீண். ஷார்ட்டைத் தாங்கின காவல்காரனையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே இருக்கிற கப்பாசிட்டரில் ஏறுவது 2,000 வோல்ட் கணக்கு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். இது தெரிந்த வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

#13 ஸ்கூட்டிக்காரி

என் வண்டியில் பிரேக் பிடிக்காமலேயே பின்லைட் எரிகிறது. மெக்கானிக் பிரேக் லீவர் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் என்கிறார். நம்பலாமா?

#14 வயர்மேன்57

நம்பலாம் அம்மா. பிரேக்கைப் பிடித்தால் சுவிட்ச் அழுந்துகிறது என்றுதான் நினைப்போம். நிறைய வண்டிகளில் தலைகீழ். லீவர் சும்மா இருக்கும்போதுதான் சுவிட்சின் குமிழை அழுத்திப் பிடித்திருக்கிறது. பிடித்ததும் குமிழ் விடுபட்டு வெளியே வரும், லைட் எரியும். மண்ணும் மழைத்தண்ணீரும் சேர்ந்து குமிழ் இறுகினாலோ, லீவர் தேய்ந்து குமிழை முழுசாக அழுத்தாமல் போனாலோ லைட் எரிந்துகொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜ் விளக்கும் இதே கணக்குதான், கதவு மூடினால் குமிழ் அழுந்தி விளக்கு அணையும்.

#15 சோலார்தோட்டம்

எங்கள் தோட்டத்தில் 48 வோல்ட் டிசி பம்ப், நேராகப் பேனலிலிருந்து. அதற்கும் மிதவை சுவிட்ச் போடலாம் என்று இருந்தேன். வோல்ட் குறைவுதானே?

#16 மில்ஃபிட்டர்

போடாதீர்கள். #3இல் தம்பி எழுதின அலைக்கோடு ஏசியைக் குறிக்கிறது. அந்த எண்கள் ஏசிக்கு மட்டும்.

நம் வீட்டுக் கரன்ட் நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. காண்டாக்ட் பிரியும்போது வருகிற பொறி அடுத்த பூஜ்யத்தில் தானாக அணையும், அதிகபட்சம் ஒரு நூறில் ஒரு நொடி. டிசியில் பூஜ்யமே கிடையாது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி பாலம் கட்டி எரிந்துகொண்டே இருக்கும். ஏசியில் 15 ஆம்பியர் தாங்குகிற அதே வகைப் பெட்டிக்கு 125 வோல்ட் டிசியில் அரை ஆம்பியர்தான் கொடுத்திருப்பார்கள். 48 வோல்ட்டில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும், உங்கள் பம்ப்பைத் தாங்காது. பம்புக்குக் கன்ட்ரோலர் இருந்தால் அதில் டேங்க் சென்சாருக்கு என்று இரண்டு முனை இருக்கும், மிதவையை அங்கே கொடுங்கள்.

#17 மொட்டைமாடிவாசி

அப்போது நான் என்னதான் செய்வது? அடைப்புக்குறிக்குள் 8 போட்ட மிதவை கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் போதுமா?

#18 வயர்மேன்57

ஓடும். நான்கு வருடம் ஓடிய உங்கள் முதல் மிதவையிலும் அப்படித்தான் போட்டிருந்திருக்கும். ஆனால் என்னைக் கேட்டால் டேங்குக்குள் 230 வோல்ட் போகவே கூடாது. கேபிளின் உறையில் ஒரு நாள் விரிசல் விடும், அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம். மிதவை 24 வோல்ட்டில் ஒரு கான்டாக்டரின் (காயிலுக்குக் கரன்ட் வந்தால் மோட்டார் லைனை இணைக்கிற பெரிய சுவிட்ச்) காயிலை மட்டும் இழுக்கட்டும், மோட்டாரை கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். 24 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று, 24 வோல்ட் ஏசி காயில் போட்ட கான்டாக்டர் ஒன்று. கான்டாக்டர் வாங்கும்போது ஏசி3 என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், அதுதான் மோட்டாருக்கு. 1 எச்பிக்கு 9 ஆம்பியர் போதும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனை வெட்டுவது) இல்லை என்றால் அதை முதலில் போடுங்கள்.

#19 டபுள்கிளிக்

ஒரு சந்தேகம். ரிச்சித்தெரு சொன்னபடி பார்த்தால் இப்போது மிதவையில் கரன்ட் குறைந்து என் மவுஸ் வியாதி வராதா?

#20 ரிச்சித்தெரு

கேட்க வேண்டிய கேள்வி. சின்ன 12 வோல்ட் ரிலே (கான்டாக்டரின் குட்டி வடிவம்) போட்டால் முப்பது, நாற்பது மில்லி ஆம்பியர்தான், நாளடைவில் வரலாம். 24 வோல்ட் ஏசி கான்டாக்டர் இழுக்கிற கணத்தில் இரண்டு மூன்று ஆம்பியர் எடுக்கும், பிறகு அரை ஆம்பியருக்குள் அடங்கும். படலத்தைச் சுட அது போதும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணையும் தாண்டாது. வயர்மேன் அண்ணா ரிலே சொல்லாமல் கான்டாக்டர் சொன்னது சும்மா இல்லை.

#21 மில்ஃபிட்டர்

வயரிங் பண்ணும்போது ஒன்று. சுவிட்சில் மூன்று கால் இருக்கும்: காமன் (பொது முனை), என்ஓ (அழுத்தாதபோது திறந்திருப்பது), என்சி (அழுத்தாதபோது மூடியிருப்பது). டேங்க் காலியாக இருக்கும்போது மூடியும் நிரம்பினால் திறந்தும் இருக்கிற ஜோடியில் கொடுங்கள். எலி வயரைக் கடித்தால் மோட்டார் ஓடாமல் நிற்கும், தண்ணீர் வரவில்லை என்று யாராவது கத்துவார்கள், போய்ப் பார்ப்பீர்கள். தலைகீழாகக் கொடுத்து நடுவில் ஒரு ரிலே வைத்துத் திருப்பினால், வயர் அறுந்த அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதிலேயே ஒரு வாக்குவாதம் மில்லில் அடிக்கடி வரும். மெஷின் கார்டுக்கு, அதாவது கை உள்ளே போகாமல் காக்கிற மூடிக்கு, இந்தக் கறுப்புப் பெட்டி போதும் என்பார்கள் சில பேர். போதாது. இதில் காண்டாக்டைப் பிரிப்பது ஒரு மெல்லிய தகட்டின் விறைப்பு மட்டும்தான். ஒட்டிக்கொண்டால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் பிரியாது, நீங்களே பார்த்தீர்கள். கை உள்ளே போகிற இடத்தில் வட்டத்துக்குள் அம்பு போட்ட சின்னம் இருக்கிற லிமிட் சுவிட்ச்தான் போட வேண்டும். அதில் தண்டு நேராகக் காண்டாக்டை இடித்துப் பிரிக்கும், ஒட்டியிருந்தாலும். ஒரு தடவை என் கண் முன்னால் மூடி திறந்தும் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. பையன் கையை இன்னும் வைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அந்த லைனில் எல்லாவற்றையும் மாற்றினோம்.

#22 மொட்டைமாடிவாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டிரான்ஸ்பார்மர், கான்டாக்டர், ஆர்சிசிபி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மாட்டியாயிற்று. புது மிதவை, 10(8). இந்தத் தடவை பிரிக்கவில்லை. டேங்க் நிரம்பினால் மாடியில் மெலிதாக ஒரு டிக், கீழே கான்டாக்டரில் டப், மோட்டார் நிற்கிறது. ஒட்டிப்போன பழைய சுவிட்சை என் பெண் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்து வகுப்பில் டிக் டிக் பண்ணி டீச்சரிடம் திட்டு வாங்கினாள்.

பக்கத்து வீட்டு அத்தை அவர்கள் டேங்குக்கும் இதையே போட்டுத் தரச் சொல்கிறார். அவர்களுடையது ஒன்றரை எச்பி. அதே 9 ஆம்பியர் கான்டாக்டர் போதுமா அண்ணா?

#23 வயர்மேன்57

மோட்டாரின் நேம்பிளேட்டைத் துடைத்துவிட்டு போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி. அதைப் பார்த்துச் சொல்கிறேன்.